சர்வேயர் சமமாக வெட்டிய கம்பி

"உன் பக்கம் ஆறு மீட்டர் எழுபது. என் பக்கம் பதிமூணு மீட்டர் நாப்பது. இதுக்குப் பேர் பாகப்பிரிவினையா அண்ணா?"

"கத்தாதடா. கம்பி என்ன உன் தலை மேலயா ஓடுது? வானத்துலதானே ஓடுது!"

"அதுவும் என் பக்கத்து வானம்தான். மாடிக்கு மேல இருக்கறதும் சேர்த்துத்தான் பத்திரம். எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அப்ப உன் பக்கம் காக்கா பறந்தா அதுக்கும் தனியா பத்திரம் எழுதுவியா?"

"பேச்சை மாத்தாத. உன் கம்பத்தைச் சுவத்துக்குப் பக்கத்துலயே நட்டுக்கிட்டு, மிச்ச மாடியில அண்ணி துணி காயப்போடறாங்க. என் பக்கம் மட்டும் மூலை வரைக்கும் இழுத்து விட்டிருக்க. நான் இளிச்சவாயனா?"

வியாழக்கிழமை சாயங்காலம் இவ்வளவும் என் ஜன்னலுக்கு நேர் எதிரே நடந்தது. எனக்குப் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில். பசை காயும்வரை கைக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. எதிர்வீடு ஒரே வீடாக இருந்தபோதும் கேட்டேன், நடுவில் சுவர் எழுந்து இரண்டானபிறகும் கேட்கிறேன். சுவர் வந்தபிறகு சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மூத்தவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இளையவர் சர்வேயர், நிலம் அளப்பவர். தகப்பனார் போனதும் வீட்டை இரண்டாகப் பிரித்தவர் இவர்தான். சமையலறைக் கூரை ஓடுகளைக்கூட எண்ணி, ஒற்றைப்படையாக வந்ததால் ஒன்றை நடுவில் அறுத்து வைத்த மனிதர். அவ்வளவு நேர்மை. ஆனால் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் என்பதுதான் அந்த நேர்மைக்கு எட்டவில்லை.

மூன்றாவது, கடைக்குட்டித் தங்கை. கப்பல் வருஷத்துக்கு இரண்டு முறை மட்டுமே போகும் ஒரு தீவில், வானிலை நிலையத்தில் வேலை. தினமும் பலூன் விட்டுக் காற்றை அளப்பாளாம். பாகம் பிரித்தபோது, "நீங்களே பாத்துச் செய்யுங்க" என்று எழுதியிருந்தாள். இவர்களும் பார்த்தார்கள், செய்தார்கள், அவளை விட்டுவிட்டார்கள்.

அவளோடு பேச ஒரே வழி லிப்ட்காரரின் ரேடியோ. இரண்டு மாடிக்கும் மேலே ஓடிய அந்தக் கம்பிதான் அதற்கு ஆன்டெனா. அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச ஹாம் லைசென்ஸ் வாங்கியவர்கள். அங்கே சாட்டிலைட் போன் ஒன்று உண்டாம், உயிர் போகிற காரியத்துக்கு மட்டும். அண்ணனிடம் நாலு வார்த்தை பேசுவது அந்தக் கணக்கில் வராது. அதனால் சனிக்கிழமை நாலு மணிக்கு ரேடியோ. கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் நான் எந்த வேலையும் எடுப்பதில்லை. அவர் ஸ்பீக்கரைச் சத்தமாக வைப்பார், நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அண்ணா, ஒப்பந்தம் முடியுது. நாளைக்கு விட்டு அடுத்த ஞாயிறு கப்பல். திரும்பி வந்துடலாமான்னு இருக்கு. ஆனா வந்தா எங்க இருப்பேன்? வீட்டுல எனக்கு ஒரு ரூம் கிடைக்குமா? ஓவர்."

லிப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "சின்னவன்கிட்ட கேட்டுட்டு அடுத்த சனிக்கிழமை சொல்றேம்மா. ஓவர்."

காலியாக இருக்கும் ஒரே அறை சர்வேயர் பக்கத்து மாடி அறை. அதில் அளவுச் சங்கிலிகளும் பழைய வரைபடங்களும் குடியிருந்தன. ஆக, வியாழக்கிழமை லிப்ட்காரர் சுவரோரம் போய் நின்றது அந்த அறையைக் கேட்கத்தான். கேட்பதற்குள் தம்பி கையில் டேப்போடு வந்துவிட்டார். பேச்சு கம்பியில் ஆரம்பித்துக் காக்காயில் போய் முடிந்தது. அறையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கேபிள் அறுந்த லிப்டில் துணிந்து இறங்குகிற மனுஷன், தம்பியிடம் ஒரு அறை கேட்க மட்டும் நாக்கு எழாமல் கீழே போய்விட்டார்.

எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். தெருவில் எத்தனையோ வீட்டு விஷயத்தை யாரும் கேட்காமலே சொன்னவள்தான் நான். அன்றைக்கென்று பார்த்து, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சர்வேயர் என் கதவைத் தட்டினார்.

"அக்கா, உங்க ஏணி கொஞ்சம் வேணும்."

"உங்க அண்ணன்கிட்ட பெரிய ஏணியே இருக்கே?"

"அவர் இல்லை. ஏதோ ஆபீஸ் கட்டடத்துல லிப்ட் நின்னுபோச்சாம், உள்ள ஆளுங்க. விடிஞ்சதும் ஓடிட்டார். அதான் நல்லதாப் போச்சு. சண்டை இல்லாம வேலையை முடிச்சுடறேன்."

"என்ன வேலை?"

"என் பக்கத்துல மூணு மீட்டர் முப்பத்தஞ்சு வெட்டி, அவர் பக்கத்துல சேக்கப் போறேன். ரெண்டு பக்கமும் பத்து மீட்டர் அஞ்சு சென்டி. ஒரு இன்ச் கம்பியை நான் எடுத்துக்கலை பாருங்க. மொத்த நீளம் அப்படியே இருக்கு. நானா விட்டுக் குடுக்கறேன்."

சொல்லும்போது முகத்தில் ஒரு தியாகக் களை. ஏணியைக் கொடுத்ததோடு விடாமல் நானே போய்ப் பிடித்துக்கொண்டும் நின்றேன். மேலே நின்றால் அவர்கள் வீட்டுக் கொல்லை வரை தெரியும், அதை ஏன் மறைக்க வேண்டும்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. சுவருக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி தொங்கும். அதன் இரண்டு பக்கமும் கம்பி நீளும், அடியிலிருந்து கேபிள் அண்ணன் அறைக்குள் இறங்கும். சர்வேயர் பெட்டியைத் தொடவில்லை. தன் மூலையில் அளந்து வெட்டினார், அண்ணன் பக்கத்தில் முறுக்கிச் சேர்த்தார், அந்தப் பக்கத்துக் கம்பத்தைப் பெயர்த்து மூன்று மீட்டர் முப்பத்தைந்து தள்ளி நட்டார். பிறகு நூல் பிடித்துப் பார்த்தார். தராசு முள் மாதிரி பெட்டி நட்டநடுவில் நின்றது.

"இப்பப் பாருங்க. கண்ணுக்கே எவ்ளோ குளிர்ச்சியா இருக்கு!"

எனக்கும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

லிப்ட்காரர் திரும்பியபோது மணி நாலுக்குப் பத்து நிமிஷம். சட்டையெல்லாம் கிரீஸ். அண்ணாந்துகூடப் பார்க்காமல் நேராக ரேடியோ அறைக்குப் போனார். நாலு மணிக்கு அவள் குரல் வந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

"பெரியண்ணா, நான்தான். கேக்குதா? ஓவர்."

"கேக்குதும்மா, நல்லாவே கேக்குது. ஓவர்."

"பெரியண்ணா? இருக்கீங்களா? ஓவர்."

"இருக்கேன்! சொல்லு! ஓவர்!"

"கேக்கலையே..."

அடுத்து அறைக்குள்ளிருந்து ரேடியோ கர்ர் என்று உறுமும் சத்தமும், லிப்ட்காரர் மேஜையைத் தட்டும் சத்தமும் வந்தன. ஏணியைத் திருப்பி வாங்குகிற சாக்கில் நான் போனேன். பாராட்டு வாங்குகிற ஆசையில் சர்வேயரும் வந்து வாசலில் நின்றார்.

ரேடியோ மீட்டரின் முள் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "அனுப்பற பவர் எல்லாம் அப்படியே திரும்பி வருது. ரேடியோ தன்னைக் காப்பாத்திக்க வாயை மூடிக்குது," என்றார் லிப்ட்காரர். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். சர்வேயர் தோளில் டேப் தொங்கியது. "கம்பியை என்னடா பண்ணின?"

"சமமா ஆக்கினேன். உன் பக்கத்துக்குத்தான் சேத்துக் குடுத்தேன்."

"சமமாவா? நடுவுல பெட்டி இருந்தா நாப்பது மீட்டர் பேண்டுங்கற ஒரே அலைவரிசையிலதான்டா ஏதோ கொஞ்சம் பேசும். பகல்ல அது நம்ம ஊரைச் சுத்தித்தான் கேக்கும். மூணுல ஒரு பங்குல இருந்தாத்தான் நாப்பது, இருபது, பத்துன்னு மூணு பேண்டும் ஒரே கம்பியில போகும். அவ இருக்கற தூரத்துக்கு இந்நேரம் இருபதுதான். ஆறு எழுபதுன்னு நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா வெச்சேன்?"

"இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பேச விட்டியா?"

ரேடியோவில் தங்கை மறுபடி பேச ஆரம்பித்ததும் இருவரும் வாயை மூடினார்கள். அவர்கள் பேசுவது மட்டும்தான் அங்கே போகவில்லை. அங்கே பேசுவது இங்கே நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

"சரி, நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சுப் பேசறேன். ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும் அண்ணா. கப்பலா, இன்னும் ரெண்டு வருஷமான்னு. சின்னண்ணாகிட்ட கேட்டீங்களா? பெரிய இடமெல்லாம் வேண்டாம். சங்கிலி போட்டு வச்சிருக்காரே, அந்த மாடி ரூம் போதும். அவர் சாமானைக் கூட எடுக்க வேண்டாம், ஒரு ஓரமா நான் இருந்துப்பேன். ஓவர்."

சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. "ரூமா? எந்த ரூம்? என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே! நான் எப்ப முடியாதுன்னேன்?"

"வியாழக்கிழமை அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"வந்தா கேக்க வேண்டியதுதானே! காக்காயைப் பத்திப் பேசிட்டுப் போனா எனக்கு எப்படித் தெரியும்?"

லிப்ட்காரர் பேண்டை நாற்பதுக்குத் திருப்பினார். அங்கே பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இவர் குறுக்கே புகுந்து, யாராவது இருபதுக்குப் போய் என் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கெஞ்சினார். நாற்பதிலேயே அவர் குரல் நொண்டி நொண்டித்தான் போனது. "எனக்கு இருபதுல ஆன்டெனா இல்லைங்களே," என்றார் ஒருவர். "நான் தேடிப் பாக்கறேன், ஆனா செட்டு சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றார் மற்றவர். அந்த ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவரைக் காணோம்.

சர்வேயர் அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். "அக்கா, ஏணி!" என்று ஒரு கத்தல். நான் பிடித்தேன். காலையில் நூல் பிடித்துச் செய்ததை இப்போது பல்லால் கடித்துப் பிரித்தார். லிப்ட்காரர் கம்பத்தைத் தனியாளாகப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சர்வேயர் மேலேயிருந்து, "ஆறு எழுபது, ஆறு எழுபது" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே அளந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே வேலையில் கை வைத்து நான் பார்த்தது சுவர் எழுந்தபிறகு அன்றைக்குத்தான். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டேதான் செய்தார்கள்.

கீழே ஸ்பீக்கர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஏணியடியில் நின்ற எனக்குத்தான் அது முழுதாகக் கேட்டது.

"கால் மணி ஆயிடுச்சு அண்ணா. ஜெனரேட்டர் நிறுத்தப் போறாங்க. பதில் இல்லைன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன். கோவம் எல்லாம் இல்லை. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. முடிச்சுக்கறேன்."

மேலே இருந்தவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கை தளர்ந்துவிடும் என்று தோன்றியது. இல்லை, சொல்லும் தைரியம் எனக்கில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு முப்பத்தைந்துக்கு முள் கீழே படுத்தது. லிப்ட்காரர் மைக்கைப் பிடித்து அழைத்தார். உடனே பதில் வந்தது. யாரோ முன்பின் தெரியாத வேற்று நாட்டு மனிதர், உங்கள் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல இருக்கிறது என்று பாராட்டினார். மழை பெய்கிறதா, எந்த ஆன்டெனா என்று விசாரித்தார். லிப்ட்காரர் மரியாதையாகப் பதில் சொன்னார். தங்கையை அழைத்தார். மறுபடி அழைத்தார். ஆறு மணி வரை அழைத்தார். சர்வேயர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை மைக் கீழே இறங்கும்போதும், "இன்னொரு தடவை, அண்ணா," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவள் குரல் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாள், கப்பல் போய்விட்டது. அண்ணன் நடந்ததைச் சொன்னார். சர்வேயர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, தான் கம்பியை வெட்டியது, அறையைக் காலி செய்தது, பத்திரத்தை மூன்று பங்காக மாற்றி எழுதக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

"மைக் பட்டனை விடுடா, விட்டாத்தான் அவ பேசறது கேக்கும்," என்றார் லிப்ட்காரர்.

விட்டதும் அவள் சிரிப்புச் சத்தம் வந்தது. "சின்னண்ணா, முடிச்சா ஓவர்னு சொல்லணும். ரூமைப் பூட்டி வைங்க. ரெண்டு வருஷம்தானே. ஓவர்."

சர்வேயர் அன்று மாடியில் வெகுநேரம் நின்றிருந்தார். அளக்க எதுவும் இல்லை, சும்மாதான் நின்றார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ரெண்டு வருஷம் முடிவதற்குள் அவள் அந்த நிலையத்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். ஆளை நான் பார்த்ததில்லை. ரேடியோவில் ஒரு முறை வணக்கம் சொன்னார், குரலுக்கு ஐம்பது வயது இருக்கும், மனுஷன் எப்படியோ. இருவரும் அவருடைய ஊரோடு போய்விட்டார்கள், அங்கே வருஷத்தில் பாதி பனியாம். லிப்ட்காரரின் மகள் பல் டாக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு பத்துத் தெரு தள்ளிக் குடிபோனாள். சர்வேயருக்குக் கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அங்கே ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறாராம். முதல் தடவை தேறவில்லை என்று லிப்ட்காரர் மனைவி என்னிடம் சொன்னாள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.