வெளுத்த அந்து

லெட்பரி சந்தையில் பாதி ஆயுள் ஜவுளி விற்றவர் டென்சில். வெயிலில் வெளுத்த துணியை ‘கிரீம் கலர்’ என்று தள்ளிவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடையை மூடியபின் அந்துப்பூச்சிப் பித்துப் பிடித்துக்கொண்டது.

டிசம்பர் பிறந்தால் ஓக் காட்டுச் சாலையில் கார் விளக்கு பட்ட இடமெல்லாம் பழுப்பு நிறச் சாதாரணக் குளிர்கால அந்துதான். அது யாருக்கு வேண்டும்? டென்சில் பிர்ச் மரத்தில் கண்டதோ வெளிர் நிறம். அபூர்வமான வடக்கத்தி அந்து! இந்தக் காட்டில் அதை முதலில் கண்டவர் என்று தன் பெயர் ஏற வேண்டும். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மனைவி மேவிஸ் கேக்கின் மேல் வெள்ளை அந்துகூட வரைந்துவிட்டாள்.

பாக்கி மாவட்டப் பூச்சிப் பதிவாளர் ஹில்டாவின் தலையசைப்புதான். மாவட்டத்தில் எந்த அந்துவுக்கும் அவர் சொன்னால்தான் பெயர்.

தேநீர் வேளைக்கே இருட்டிவிட்ட காட்டில் ஹில்டா டார்ச் அடித்தார்.

“ஆண் பூச்சி. வெளுப்பாத்தான் இருக்கு. பொண்ணு எங்கே? அதைப் பாத்தா சந்தேகமே வராது.”

“அதைத்தான் காணோம். வெறும் சிலந்திங்களா மரத்துல ஏறுது. என் அந்துவைத் தின்னுடுமேன்னு தினமும் பெருக்கித் தள்ளுறேன். இப்பக்கூடப் பெருக்கினேன்.”

ஹில்டா அந்தக் கைத்துடைப்பத்தை வாங்கினார். நாருக்கிடையில் ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது.

“காலை எண்ணுங்க, டென்சில்.”

“…ஆறு.”

“சிலந்திக்கு எட்டு. இது பறக்கத் தெரியாத பெண் அந்து. வந்த மணப்பொண்ணையெல்லாம் துடைப்பத்தால விரட்டியிருக்கீங்க!” லென்ஸை வைத்துப் பார்த்தார். “வடக்கத்தின்னா இறக்கை இன்னும் கொஞ்சம் நீளும். இது சும்மா மொட்டை. சாதா அந்துதான்.”

“அப்ப அந்த வெளுப்பு?”

“பறந்து பறந்து சாயம் போயிடுச்சு.”

“பாதி வடக்கத்தின்னு போட்டுக்கலாமே, தாயே? உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

“எனக்கு ஒரு கிரீம் கலர் திரைச்சீலை வித்தீங்களே, ஞாபகம் இருக்கா? அதே சரக்குதான் இதுவும்.”

டென்சில் போனை எடுத்தார்.

“மேவிஸ், கேக்கை யாரும் பாக்கலையே? நல்லதாப் போச்சு. அந்த அந்து மேல கோகோ தூவிடு. தாராளமாத் தூவு. பக்கத்துல ஒரு உலர்ந்த திராட்சை வை. ஆமா, அதுதான் பொண்டாட்டி. கால் மட்டும் ஆறு போடு, ஹில்டா சாப்பிட வர்றாங்க.”