சுருளிவேல் நம்பாத ஊசி

திண்டுக்கல் சந்தையில் மல்லிகையைப் போட்டுவிட்டுச் சுருளிவேல் வடமதுரைக்குத் திரும்பியபோது, அவன் மனைவி தமிழ்மதி ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்திருந்தாள். வயிறு பிடித்துக்கொண்டு வலித்ததால், கூட வேலை பார்க்கும் லிடியாதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கரு கருப்பையில் இல்லை, குழாயில் ஒட்டியிருக்கிறது, வளரவிட்டால் குழாய் வெடித்துவிடும், அதனால் வளர்ச்சியை நிறுத்த ஊசி போட்டார்கள் என்று தமிழ்மதி சொன்னாள். பலமுறை போன் செய்தும் அவன் எடுக்கவில்லையாம்.

சந்தை இரைச்சலில் போன் கேட்கவில்லை என்பது நிஜம். ஆனால் போன மாதம்தான் அவள், வேலை நிரந்தரமாகும் நேரம், பிள்ளை இன்னும் கொஞ்சம் தள்ளி உண்டாகியிருக்கலாம் என்று சொல்லியிருந்தாள். அது அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மருந்தின் பெயரைப் போனில் தேடினான். கருவைக் கலைக்கவும் போடுவது என்று இருந்தது. அதற்குக் கீழே அவன் படிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் செய்வதெல்லாம், வேண்டுமென்றே கலைத்துவிட்டாள் என்பதற்குச் சாட்சியாகவே அவனுக்குப் பட்டது. முன்பு அவள் தவறாமல் விழுங்கிய சத்து மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டோரம் வைத்துப் பார்த்தான். ஊசி வேலை செய்யாமல் போய்விடும், அதைத் தொடக் கூடாது என்றாள். பிள்ளைக்கு நல்லது என்று கொடுத்த மாத்திரை இப்போது ஆகாதா? வயிறு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, தோள்பட்டை வலித்தாலோ உடனே வரச் சொன்னார்கள் என்றபோது அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"வயித்துக்குப் போட்ட ஊசிக்குத் தோள்பட்டை எதுக்கு வலிக்கும்? கதை சொல்றதையும் பொருத்தமாச் சொல்லு."

தமிழ்மதி அழவில்லை. "நீங்க நம்ப வேணாம். வலி வந்தா மட்டும் வண்டிய எடுங்க" என்றாள்.

கரு அடங்குகிறதா என்று இரத்தம் பார்க்கும் நாள் வந்தது. தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். லிடியாவும் ஊரில் இல்லை. ஒற்றை ஆளாகப் பஸ் ஏறும் தெம்பு அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை அடுப்படியில் அவள் வலது தோளைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள். ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தான். கிட்டே போனபோது அவள் உதடு வெளுத்திருந்தது. நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. இப்படி யாராலும் நடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி, அவளைத் தூக்கிக் கிடத்திக்கொண்டு பறந்தான்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க வந்த டாக்டரம்மா, குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது, அது உள்ளே உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்றார். சிலருக்கு ஊசி கேட்காமல் போவதும் உண்டாம். நேற்றே வந்திருந்தால் இரத்தத்தில் தெரிந்திருக்கலாம், ஏன் வரவில்லை என்று கேட்டார். அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வேறொன்று கேட்டான்.

"ஊசி போடாம இருந்தா பிள்ளை பொழைச்சிருக்குமா டாக்டர்?"

"அந்தக் கருவால பொழைக்க முடியாதுப்பா. அது இருந்த இடம் அப்படி."

ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். தமிழ்மதி பிழைத்தாள். கண் விழித்த பிறகு அவன் தயங்கித் தயங்கி அவள் கையைத் தொட்டான். தான் நினைத்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வண்டிய எடுத்தீங்க. அது வரைக்கும் சரி" என்றாள். உடம்பு தேறும்வரை பாலசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருக்கப்போவதாகச் சொன்னாள்.

அவன் வெளியே போய், வீட்டுக்குப் போனபின் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நர்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.