வண்டி மாறிய மனைவி

கப்பலில் வந்த பயணிகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு சாவோ காட்டுக்குப் போகிற நாளென்றால் வகேஷோவுக்கு விலங்குகளைப் பற்றிக் கவலை கிடையாது. யானை எங்கே போய்விடப் போகிறது? அவளுடைய கவலையெல்லாம் மனிதர்களைப் பற்றித்தான். சாயங்காலம் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் காலையில் ஏற்றியவர்களை ஒருவர் விடாமல் கொண்டுபோய் இறக்கியாக வேண்டும். சிங்கம் கண்ணில் படவில்லையென்று ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், இன்னொருவர் வழியெல்லாம் கழிப்பறை கேட்பார். இதையெல்லாம் பல வருஷமாகச் சமாளித்துப் பழகியவள்தான். அன்றைக்கு நடந்தது மட்டும் அவளுக்கு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை.

காலையில் வண்டியில் ஏறியவர்களில் ஒரு வயதான ஜோடி இருந்தது. ஜோடி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் நார்வேக்காரர், பெயர் ஹால்வர். உயரமான மனிதர், சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் கழுத்தில் நீலத் துண்டு சுற்றிய அம்மாள். அவர் அந்த அம்மாளை அஸ்த்ரி, அஸ்த்ரி என்று கூப்பிட்டபடியே வந்தார். செம்மண் பூசிய யானைக்கூட்டம் ரோட்டைக் கடந்தபோது, "பயப்படாதே அஸ்த்ரி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பின்சீட்டு கனடாக்காரர் அந்த இருவரையும் ஒரு போட்டோகூட எடுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு விடுதியில் நிறுத்தினார்கள். பயணிகள் நீர்க்குட்டையைப் பார்த்தபடி இருந்த பெரிய கூடத்தில் உட்கார, டிரைவர்கள் எல்லாரும் பின்பக்கக் கொட்டகையில் சப்பாத்தியும் அவரைக்குழம்பும் சாப்பிட்டார்கள். கொம்போ அங்கே இருந்தான். அதே கப்பல் பயணிகளின் இன்னொரு வண்டியை ஓட்டுபவன், வாய் ஓயாத ஆள்.

"அக்கா, உன் வண்டியில புதுசா கல்யாணம் ஆன ஜோடியா? அந்தத் தாத்தா கையை விடவே மாட்டேங்கிறாரு!"

"உனக்கு ஏன்டா வயித்தெரிச்சல்? உன் பொண்டாட்டி கையை நீ என்னைக்காவது புடிச்சிருக்கியா?"

"புடிச்சா, 'என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்க?'ன்னு கேப்பா."

சிரித்துக்கொண்டே கை கழுவிவிட்டுக் கொம்போ முதலில் கிளம்பிப் போனான். வகேஷோ தன் வண்டிக்கு வந்தபோது எல்லாரும் ஏறியிருந்தார்கள். ஹால்வர் மட்டும் கீழே நின்றார்.

"அஸ்த்ரியைக் காணோம்," என்றார்.

கழிப்பறையில் இருப்பாள் என்று வகேஷோ போய்ப் பார்த்தாள். இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை, துணிக்கடையில் இல்லை. விடுதிக்குச் சுற்றிலும் மின்வேலி உண்டு. ஆனால் வண்டிகள் வந்து போகிற வாசல் திறந்தேதான் கிடந்தது. வெளியே போனால் காடு. காவலாளியிடம் சொன்னாள். அவன் வனக்காவலர்களைக் கூப்பிட்டான். துப்பாக்கியோடு ஒரு ஜீப் வந்து நின்றது.

"யாரைக் காணோம்?" என்று கேட்டார் அதிலிருந்த சார்ஜெண்ட்.

"இவரோட மனைவி சார். நீலத் துண்டு போட்டவங்க."

"கடைசியா யாரு பாத்தது?"

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்ததாகக் கனடாக்காரர் சொன்னார். ஹால்வர் ஏதோ கேட்டாராம். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அழுத மாதிரி இருந்ததாம்.

அந்த நேரம் பார்த்து வகேஷோவின் போன் அடித்தது. கொம்போ.

"அக்கா, உன் வண்டி ஆள் ஒருத்தங்களை என் வண்டிக்கு அனுப்பினியே, ஏன்னு சொல்லவே இல்லையே?"

"நான் எங்கடா அனுப்பினேன்?"

"நீலத் துண்டு போட்ட அம்மா. நீதான் அனுப்பினேன்னு சொல்லி ஏறி உக்காந்துட்டாங்க. இப்போ காட்டு கேட் பக்கம் வந்துட்டோம்."

வகேஷோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அந்தம்மா புருஷன் இங்க பித்துப் பிடிச்ச மாதிரி நிக்கிறாரு, துப்பாக்கியோட ஜீப் வந்து நிக்குது. போனை அவங்ககிட்ட குடு!"

கொம்போ போனைக் கொடுக்காமல் தாழ்ந்த குரலில் பேசினான். "அக்கா, அவங்க அவருக்கு மனைவி இல்லையாம்."

"என்னடா உளர்ற?"

"பேரு அஸ்த்ரி இல்ல, வில்மாவாம். ஹாலந்தாம். குடுக்கறேன், நீயே கேளு."

வகேஷோ வண்டியிலிருந்து தள்ளிப் போய் நின்று கேட்டாள். வில்மா விட்டு விட்டுத்தான் பேசினாள். தனியாகக் கப்பலேறியவள். கப்பல் சான்சிபார் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அந்த மனிதர் அவளை அஸ்த்ரி என்று கூப்பிட்டிருக்கிறார். வயசானவர், மறதி, போகட்டும் என்று இவளும் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மறுநாளும் கூப்பிட்டார். அப்புறம் இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.

"சின்னச் சின்ன விஷயம் கேப்பாரு. மாத்திரை போட்டேனா, ஜன்னலைச் சாத்தினியான்னு. அதுக்கெல்லாம் சொல்லிடுவேன். இன்னைக்குச் சாப்பாட்டுல ஒண்ணு கேட்டாரு. அதுக்கு நான் எப்படிம்மா பதில் சொல்றது?"

"என்ன கேட்டாரு?"

அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வகேஷோ சார்ஜெண்டிடம் வந்தாள். "சார், ஆள் கிடைச்சாச்சு. முன்னாடி வண்டியில போயிட்டாங்க."

"மனைவியா?"

"அது தெரியல சார். ஆனா காணாமப் போகல."

சார்ஜெண்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்று திட்டிவிட்டு ஜீப்பைத் திருப்பினார்.

ஹால்வரிடம் என்ன சொல்வது? உங்கள் மனைவி முன்னால் போகிறார் என்றால் பொய். மனைவியே வரவில்லை என்றால் அந்த மனிதர் இங்கேயே உட்கார்ந்துவிடுவார். கப்பலோ காத்திருக்காது.

"ஐயா, உங்க பக்கத்துல இருந்த அம்மா வேற வண்டியில பத்திரமா இருக்காங்க. வாங்க, நாமளும் போகலாம்," என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனால் பின்னால் ஏறாமல் முன்சீட்டில், அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காட்டைத் தாண்டித் தார்ரோட்டுக்கு வந்தார்கள். மொம்பாசா நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தன. வகேஷோ ஒன்றை முந்தி உள்ளே நுழைந்தாள்.

"நீ நல்லா வண்டி ஓட்டுற, அஸ்த்ரி," என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கறுத்த கையையும், சீருடைச் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையையும் வகேஷோ ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இந்தக் கண்களுக்கு என்னதான் தெரிகிறது?

"எஸ்பென் படகை எடுத்துக்கிட்டுப் போனான் இல்ல," அவர் தொடர்ந்தார். "மழை பிடிச்சுக்குச்சு. நாம ரெண்டு பேரும் கரையில நின்னோம். நீ அவன் சட்டையைக் கையில வச்சிருந்த. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் ஞாபகம் வரல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். நம்ம பையன் திரும்பி வந்தானா?"

பின்னால் பேசிக்கொண்டிருந்த கனடாக்காரர் நிறுத்திவிட்டார். வில்மா ஏன் ஓடினாள் என்று வகேஷோவுக்கு அப்போதுதான் புரிந்தது. வந்தான் என்று சொல்லலாம். அவன் வராதவனாக இருந்தால்? வரவில்லை என்று சொல்லி, அவன் எங்கேயோ பிள்ளைகுட்டியோடு நன்றாக இருந்தால்? அவளுக்கும் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான்.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் அங்க இல்ல. நான் வகேஷோ. வண்டி ஓட்டுறவ."

அவர் குனிந்து அவளுடைய பெயர்ப்பட்டையை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "ஆமா, நீங்க வண்டி ஓட்டுறவங்க," என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனபின், "அப்போ யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"வீட்டுல யாரும் இல்லையா?"

"தங்கச்சி இருக்கா. தோரா."

மரியாகனி என்ற ஊரில் டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினாள். கப்பலுக்கு நேரமாகிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவருடைய போனை வாங்கி, அதில் அந்தப் பெயரைத் தேடி அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அவருடைய மொழியில் பேசினார். இரண்டே வரிதான் பேசியிருப்பார், மீதி நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட வண்டியில் யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அது முதலில் சுருங்கியது, பிறகு தளர்ந்தது. துக்கமா, நிம்மதியா? சரி, சரி என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு போனை வகேஷோவிடம் நீட்டினார்.

"யாரு பேசறது? அண்ணன்கூட யார் இருக்காங்க?" தோராவின் ஆங்கிலம் பதறியது.

"நான் டிரைவர்மா. அவர் தனியாத்தான் வந்திருக்காரு."

"தனியாவா? சினேகிதங்க கூடப் போறேன்னு சொன்னானே! நான் இப்பவே கப்பலுக்குப் பேசறேன். அவனைப் பத்திரமா ஏத்தி விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பையன் திரும்பி வந்தானா என்ற கேள்வி வகேஷோவின் நாக்கு நுனியில் நின்றது. அதைக் கேட்கத் தனக்கு என்ன உரிமை என்று விழுங்கிவிட்டாள்.

ஹால்வர் டீ வேண்டும் என்றார். எண்ணெயில் பொரித்த சூடான மந்தாசி அப்பத்தைப் பிய்த்துத் தேநீரில் நனைத்து, இரண்டு தின்றார். மீதி வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தார்.

துறைமுகத்தில் வில்மா கொம்போவின் வண்டியருகே நின்றிருந்தாள். வகேஷோ இறங்கியதும் ஓடி வந்தாள்.

"முதல் நாளே கப்பல் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும். இப்போ சொல்லிட்டேன், மேல காத்திருக்காரு," என்றாள். பிறகு குரலைத் தணித்து, "உங்ககிட்டயும் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு."

"பையன் திரும்பி வந்தானாம்மா?"

"தெரியலம்மா. அவருக்குத் தெரிஞ்சிடுச்சு."

ஹால்வர் மெதுவாக வந்து நின்றார். வில்மாவின் நீலத் துண்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும், நாம பாத்திருக்கோமா?" என்றார் அவர்.

"என் பேரு வில்மா."

"நான் ஹால்வர். இந்தக் கப்பல் படிக்கட்டு செங்குத்தா இருக்கு. கொஞ்சம் கை குடுப்பீங்களா?"

அவள் கை கொடுத்தாள். இருவரும் நின்று நின்று ஏறினார்கள்.

கொம்போ வகேஷோவின் பக்கம் வந்தான். "அக்கா, கடைசியில அவங்க புருஷன் பொண்டாட்டியா இல்லையா? எனக்குத் தலையே சுத்துது."

"சும்மா இருடா. எனக்கு மட்டும் என்ன தெளிஞ்சா கிடக்கு?"

மேலே போய்ச் சேர்ந்த ஹால்வர் திரும்பி நின்றார். கீழே வரிசையாக நின்ற வெள்ளை வண்டிகளில் ஒன்றைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தார். அது வகேஷோவின் வண்டியும் இல்லை, கொம்போவின் வண்டியும் இல்லை. அதன் டிரைவர், யாரென்று தெரியாமலே, பதிலுக்குக் கையசைத்தார்.