முட்டைக்காரர் வீட்டு மருமகள்

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இளஞ்செழியனின் மாப்பிள்ளைச் சட்டை பொத்தான் போட மறுத்தது. சுகன்யாவின் ரவிக்கைகளோ தோளில் நிற்காமல் நழுவின. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். விருந்து.

சேலம், ராசிபுரம் பக்கத்தில் புது ஜோடியை உறவுக்காரர்கள் முறை வைத்து அழைப்பார்கள். ஒரு வீட்டு விருந்து செரிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடும். போன இடத்தில் கொஞ்சமாகச் சாப்பிட்டால், சமைத்தவள் மனசு சுருங்கிப்போகும். "எங்கூட்டுச் சோறு எறங்கலையா கண்ணு?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அது பத்து வருஷத்துக்குப் பேச்சு.

சுகன்யாவுக்கு எந்த வீட்டுச் சோறும் இறங்கவில்லை என்பதுதான் உண்மை. அவளுடைய இரைப்பை இப்போது ஒரு வாழைப்பழம் அளவுதான். போன கார்த்திகையில், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில், உடம்பு குறைவதற்காக வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். அதற்கு முன்னால், வங்கியில் அவள் உட்காரும் நாற்காலி அவள் அசையும்போதெல்லாம் முனகும். மாடிப்படி ஏறினால் முழங்கால் அழும். சர்க்கரையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவையெல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. அதில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை.

பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, ஆட்டையாம்பட்டியில் அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "வயித்துல ஆபரேஷன்னு மூச்சு உட்டுராத. கொழந்த பொறக்காதுன்னு நெனச்சுக்குவாங்க."

சுகன்யாவுக்கு அது ஒப்பவில்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காபிக் கடைக்கு இளஞ்செழியனை வரச் சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் முழுவதும் கேட்டான். தன் காபியைக் குடித்து முடித்தான். அப்புறம் அவளுடைய டம்ளரைப் பார்த்தான்.

"நீங்க இன்னும் பாதிகூடக் குடிக்கலீங்களே?"

"இதுக்கு மேல எறங்காதுங்க. இனிமே எப்பவும் இப்படித்தான்."

"அப்பச் சரி, மிச்சத்த நான் குடிச்சுக்கறேன்" என்று டம்ளரை இழுத்துக்கொண்டான். சுகன்யா அவனைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஆனால் அவனுடைய வீட்டில் சொல்வதற்கு மட்டும் அவளுடைய அம்மா விடவில்லை. அவளிடம் மட்டுமல்ல, மாப்பிள்ளையிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால் விருந்துகளில் இளஞ்செழியன் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தான். தன் இலையை முடித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பெண்டாட்டி இலையிலும் கை வைத்தான். அப்படியும் பார்த்துவிட்டவர்கள் சிரித்தார்கள். "புருசன் எலையில பொண்டாட்டி திங்கறதப் பாத்திருக்கறோம். இதென்னப்பா தலகீழா!" அவன் கூச்சமில்லாமல் ஏப்பம் விட்டான். அவனுக்குத் தொப்பை வந்த வரலாறு இதுதான்.

சுகன்யாவுக்கு வந்தது வேறு. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. வங்கியில் மத்தியானத்துக்கு மேல் கண் இருட்டியது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க மாமியார் வீடு முட்டைப் பண்ணைன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்புறம் எப்படி புரதம் இவ்வளவு கீழ போச்சு? சின்ன வயிறும்மா இது. சோறும் பலகாரமும் முதல்ல உள்ள போனா, புரதத்துக்கு இடமே இருக்காது. எதுக்கு முன்னாலயும் முட்டையோ பருப்போ மீனோ போகணும். ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம் சேரணும். அடுத்த மாசமும் இப்படியே இருந்தா, ஆஸ்பத்திரில சேர்த்து நரம்பு வழியா ஏத்த வேண்டியிருக்கும்."

ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். தான் சொல்லித் தெரிவதற்குப் பதிலாக, யாரோ நர்ஸ் சொல்லி மாமியாருக்குத் தெரியும். அதைத்தான் சுகன்யாவால் பொறுக்க முடியாது. ஏனென்றால் சௌந்திரம் நல்ல மாமியார்.

நல்ல மாமியாராக இருந்ததுதான் சிக்கலே. சௌந்திரம் மருமகளுக்காக விடியற்காலையில் எழுந்து இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து ஊற்றினாள். மறுநாள் பூரணம் வைத்த ஒப்பிட்டு. அதற்கு மறுநாள் வெல்லம் போட்ட கச்சாயம், எண்ணெய் சொட்டச் சொட்ட. இனிப்பு உள்ளே போனால் சுகன்யாவுக்கு நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டும். ஆட்டுக்கறி சமைத்தாலோ, எவ்வளவு மென்றாலும் நெஞ்சுக்கூட்டில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. நாட்டுக்கோழி அதற்கும் மேலே. ஊரிலிருந்து கொண்டுவந்த புரத மாவு டப்பா பெட்டிக்கடியில் கிடந்தது. அந்த வெனிலா வாசனைக்கே குமட்டியது. ஆனால் அவித்த முட்டை மட்டும் பஞ்சு மாதிரி இறங்கியது.

வீட்டுக்குப் பின்னால் நீளநீளமான கொட்டகைகள். அவற்றில் கோழிகள் ஓயாமல் முட்டையிட்டுக்கொண்டேயிருந்தன. லாரி லாரியாக முட்டை கேரளாவுக்குப் போனது. ஆனால் அந்த வீட்டு அடுப்பில் ஒரு முட்டைகூட வேகவில்லை.

அந்த வீட்டில் முட்டைக்கு மரியாதை கிடையாது. விரிசல் விட்டதை வேலையாட்கள் பாத்திரத்தில் எடுத்துப் போவார்கள். மிச்சம் நாய்க்கு. முட்டை என்பது விற்கிற சாமான், விருந்தாளிக்கு வைக்கிற சாமான் அல்ல. முதல் வாரத்திலேயே சுகன்யா தயங்கித் தயங்கி, "அத்தை, எனக்கு ஒரு முட்டை அவிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

சௌந்திரம் பதறிவிட்டாள். "அய்யோ சாமி! புதுப்பொண்ணு எலையில முட்டைய வெச்சாங்கன்னு உங்கம்மாகிட்டச் சொல்லவா? உடைஞ்ச முட்டையத் தின்னுட்டுக் கெடந்த காலமெல்லாம் என்னோட போவட்டும். நீ கச்சாயம் தின்னு கண்ணு."

அதோடு சுகன்யா வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா எச்சரித்த பிறகுதான் இளஞ்செழியன் சொந்தப் பண்ணையில் திருட ஆரம்பித்தான். ட்ரேயிலிருந்து முட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். கல்யாணத்துக்குச் சிநேகிதர்கள் கொடுத்த மின்சாரக் கெட்டிலில், படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு அவிப்பான்.

"பண்ணைக்காரர் பையன் முட்டை திருடறாரு" என்று சுகன்யா சிரிப்பாள்.

"சத்தம் போடாம தின்னுங்க. போலீஸ் அடுப்படியில நிக்குது."

ஓடுகளைச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். ஒரு நாள் சௌந்திரம் கொல்லைப்புறத்தில் களை கொத்தும்போது கொத்தில் ஓடு ஓடாக வந்தது. "ஏனுங்க, பொடக்காளிப் பக்கம் கீரி வந்து பூந்திருக்குதுங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். மாமனார் மருதாசலம் ஒரு பொறிக்கூண்டை வாங்கிவந்து செடிக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குள் இரையாக ஒரு முட்டை. மறுநாள் காலையில் அந்த முட்டையையும் காணோம். கூண்டும் மூடியே இருந்தது. "படிச்ச கீரியா இருக்குமாட்டருக்குது" என்று மருதாசலம் தாடையைச் சொறிந்தார்.

வீட்டிலிருக்கும் நாட்களில் இப்படி ஓட்டிவிடலாம். விருந்து நாட்களில்தான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில், சௌந்திரத்தின் தம்பி வீட்டில் விருந்து. அந்த வீட்டில் நெய் வியாபாரம். தம்பி மனைவி உஷாராணி நெய்யைக் கரண்டியால் ஊற்றமாட்டாள், சொம்பால் ஊற்றுவாள் என்று பெயர்.

"மூணு மணிக்குத்தான் எலை போடுவாங்க. அதுவரைக்கும் பலகாரமாத் தள்ளுவாங்க" என்றான் இளஞ்செழியன். அவித்த முட்டை இரண்டை வேட்டி மடியில் சுருட்டிச் செருகிக்கொண்டான். "பந்திக்கு முன்னால மாடிக்குப் போற சாக்குல தின்னுடுங்க."

ராசிபுரத்து வீட்டுக்கூடம் நிறைய உறவு. உஷாராணி வாசலுக்கே ஓடிவந்து சுகன்யாவின் கன்னத்தைத் தொட்டாள். "என்ன சாமி, இப்படி எளச்சுப்போயிட்ட? நங்கையா உனக்குச் சோறே போடறதில்லையா?"

நாத்தனாரை விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னாள். ஆனாலும் பின்னால் வந்த சௌந்திரத்தின் முகம் ஒரு கணம் வாடியதைச் சுகன்யா பார்த்தாள்.

"மொதல்ல ரெண்டு பேரும் விழுந்து கும்புடுங்க" என்றார் ஒரு பெரியவர். ஜமக்காளம் விரித்தார்கள். சுகன்யா மண்டியிட்டாள். இளஞ்செழியன் மடியை மறந்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

எழுந்தபோது வேட்டி மடி நெகிழ்ந்தது. ஒரு முட்டை அங்கேயே நசுங்கிக்கிடந்தது. இன்னொன்று ஜமக்காளத்திலிருந்து இறங்கி, வழவழப்பான தரையில் அவசரமில்லாமல் உருண்டு, கூடத்தைக் கடந்து, சௌந்திரத்தின் கால் விரலில் முட்டி நின்றது.

கூடம் மொத்தமும் அந்த முட்டையைப் பார்த்தது. அப்புறம் ஒரே சிரிப்பு.

உஷாராணி மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, எங்கூட்டுல சோறு பத்தாதுன்னு கட்டிக்கிட்டு வந்தியா?"

"இல்லீங்கத்தை... பசிச்சா திங்கலாமுன்னு..." இளஞ்செழியன் உளறினான். "எனக்குத்தானுங்க."

"உனக்கா!" அவனுடைய தொப்பையைப் பார்த்து யாரோ கேட்டார்கள். மறுபடியும் சிரிப்பு.

சௌந்திரம் குனிந்து முட்டையை எடுத்தாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். செம்பருத்திச் செடி அவளுடைய ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். "அம்மிணி, இப்படி வா" என்று சுகன்யாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குப் பின்னாலிருந்த நெய் அறைக்குள் கூட்டிப்போனாள்.

டின்களுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். வாசனையே சுகன்யாவுக்குத் தலையைச் சுற்றியது.

"கீரி நீதானா?"

சுகன்யா தலையை ஆட்டினாள். இனி அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிப் பிரயோஜனமில்லை. "அத்தை, கல்யாணத்துக்கு முன்னால எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சுங்க" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. வாழைப்பழம் அளவு வயிறு, உதிர்கிற முடி, டாக்டரம்மா சொன்னது, கெட்டில், எல்லாம் வந்துவிட்டது. "அவருகிட்ட முன்னாலயே சொல்லிட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லத்தான் பயம். கொழந்தை கண்டிப்பாப் பொறக்கும், ஆனா ஆபரேஷன் ஆகி ஒண்ணரை வருசமாவது போகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

சௌந்திரம் கையிலிருந்த முட்டையை ஒரு டின் மூடிமேல் வைத்தாள். அவளுடைய கண் கலங்கியது.

"அத்தை, மறைச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

"மறைச்சது இருக்கட்டும். ஒரு மாசமா வெல்லமும் எண்ணெயுமா உம் வாயில திணிச்சனே, ஒரு நாளு 'வேண்டாம் போ'ன்னு சொல்ல வாயில்லையா உனக்கு? ஊரெல்லாம் முட்டை தின்னு வளருது. முட்டைக்காரியூட்டு மருமவ முட்டைக்கு ஏங்கிக் கெடந்தான்னா, இந்த மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது?"

"நீங்க ஆசையாச் செஞ்சீங்க. எப்படிங்க சொல்றது?"

"ஆமா, பெரிய மருவாதி!" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கொழந்தை மெதுவா வரட்டும். மொதல்ல தலையில முடி நிக்கட்டும். கீரிக் கூண்டுல இருந்த முட்டையையும் நீதான் தின்னியா?"

"அது அவரு எடுத்தாருங்க. கைக்குச் சுலுவா இருந்துச்சுன்னு."

சௌந்திரத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தச் சிரிப்போடுதான் வெளியே வந்தாள். கூடம் மறுபடி அவர்களைப் பார்த்தது.

"உஷா, வூட்டுல முட்டை இருக்குதா?"

"முட்டையா? எதுக்குங்க நங்கையா?"

"எம் மருமவளுக்கு முட்டைன்னா உசுரு. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுப் புருசன் மடியில ஒளிச்சுக் கொண்டாந்திருக்கா. நாலு முட்டைய அவிச்சு வை. அவ எலையில மொதல்ல அதுதான் விழணும்."

"விருந்து எலையில மொதல்ல முட்டையா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"முட்டைக்காரியூட்டுல முட்டைதான் திங்கறாங்கன்னு சொல்லட்டும். உங்கூட்டுல நெய்ய ஊத்தறப்ப நான் ஏதாச்சும் சொன்னனா?"

உஷாராணி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். அடுப்பில் முட்டை வெந்தது.

பந்தி போட்டார்கள். சௌந்திரம் பரிமாறுகிறவர்களை ஒதுக்கிவிட்டுத் தானே வந்தாள். உரித்த முட்டையை நான்காக நறுக்கி, மிளகுத்தூள் தூவி, சுகன்யாவின் இலையில் வைத்தாள். பக்கத்தில் கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி. வேறெதுவும் இல்லை. ஆபரேஷனைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சுகன்யா மெதுவாக மென்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம், ஒரு விருந்தில் பயமில்லாமல் அவள் சாப்பிட்டது அன்றைக்குத்தான். முட்டை இறங்கியது. பருப்பும் இறங்கியது. அதற்கு மேல் வயிறு போதும் என்றது.

அப்போது உஷாராணி நெய்ச் சொம்போடு வந்து குனிந்தாள். "ஒரே ஒரு வாய் சோறு, நெய் போட்டு..."

சுகன்யா பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு இலையை முழுசாக மறைத்துக்கொண்டது. காப்பும் களிம்பேறிய மோதிரமும் போட்ட, கச்சாயம் சுட்டுக் காய்த்த கை.

"போதும் உஷா. எம் பொண்ணு வவுறு நெறஞ்சிருச்சு."

பக்கத்து இலையில் இளஞ்செழியன் ஆசையாகத் தன் சோற்றைக் குழி பறித்து, நெய்க்குக் காத்திருந்தான்.

"அவனுக்கும் வேண்டாம்" என்றாள் சௌந்திரம். "அவனுக்கு ரசம் ஊத்து."