இருபத்தைந்தாவது சுற்று

விளையாட்டு இதழியல் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே கேள்விதான். "ஆட்டம் பாக்கறதுக்கு ஒரு பட்டமா? அப்போ நம்ம தெருவே பட்டதாரிதான் போ!" மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணைப் பார்த்தே காலம் தள்ளுகிறவருக்கு, மகள் பார்ப்பது மட்டும் வேலையாகத் தெரியவில்லை. போன வருடம் நேரடிச் செய்தித் தேர்வில் அவள் கோட்டைவிட்டபோது பேச்சை முடித்துவிட்டார். "இன்னொரு தரம் தோத்தே, பேசாம கடைக்கு வந்துடு."

அந்த இன்னொரு தரம் இன்றைக்குத்தான்.

மைதானத்தின் செய்தியாளர் மாடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. ஓட்டம் முடிந்த இரண்டு நிமிடத்துக்குள் செய்தி பேராசிரியருக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் பூஜ்யம். திருத்தி அனுப்பினால், கடைசியாக வந்ததுதான் கணக்கு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே ‘ரெண்டு நிமிஷம்’. தாலி கட்டும்போதும் கடிகாரத்தைப் பார்த்தாராம்.

இரண்டு நிமிடத்தில் எந்தக் கொம்பனால் எழுத முடியும்? அதனால் ஓட்டம் நடக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. பதினெட்டாவது சுற்றிலேயே நீலச் சட்டைக்காரி மற்றவர்களை ஐம்பது மீட்டர் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். ‘எதிர்ப்பே இல்லாத வெற்றி’ என்று தொடங்கி, இவள் கடகடவென்று தட்டினாள். தட்டுகிற மும்முரத்தில் சுற்றுகளை எண்ண மறந்தாள்.

எழுதி நிமிர்ந்தபோது நீலச் சட்டை கோட்டை நோக்கிப் பாய்ந்து வந்தாள். கோட்டைத் தாண்டி இரண்டு கைகளையும் தூக்கினாள். மணி அடித்தது. ஓடுகிறவளுக்குத் தெரியாததா? இவள் அனுப்பிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன், வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவன், பதறினான். "அடிப்பாவி, என்ன பண்ணே? அது கடைசிச் சுத்துக்கான மணி! இன்னும் ஒரு சுத்து இருக்கு!"

இவள் சட்டென்று எட்டிப் பார்த்தாள். கீழே நீலச் சட்டையும் கணக்கைத் தவறவிட்டிருந்தாள். இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தாள். நடுவர் ஒருவர் கத்தினார். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் மஞ்சள் சட்டை அவளைக் கடந்து போனாள். பின்னால் இன்னொருத்தி. மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு நின்ற உடம்பு அது.

அந்த உடம்பு மறுபடி ஓடியது.

அழகாக ஒன்றும் ஓடவில்லை, ஐயா. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முதல் வளைவில் தடுமாறினாள். ‘ஓடிடும்மா, என் தேர்வு உன் கையிலதான்’ என்றுதான் இவளும் முதலில் வேண்டிக்கொண்டாள். எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் நீலச் சட்டை ஒருத்தியைத் தாண்டியபோது தேர்வு மறந்து போனது. தன் பெயர்கூட மறந்திருக்கும். தீர்ந்து போன பிறகும் ஒரு மனுஷிக்குள் இவ்வளவு இருக்குமா? கடைசி வளைவு, மஞ்சள் சட்டையின் முதுகு, தோள், பிறகு சரிக்குச் சரி. கோட்டில் நெஞ்சளவு முந்தி, நீலச் சட்டை குப்புற விழுந்தாள்.

மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது சட்டம். யாரும் தட்டவில்லை. ஆனால் நரைத்த தலை நிருபர்கள் முதற்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ரேடியோ நாற்காலி மேலேயே ஏறி நின்றான்.

அவனுக்குத்தான் முதலில் சுரணை வந்தது. "தப்பிச்சே! நீலச் சட்டை ஜெயிச்சான்னு தானே எழுதியிருக்கே? சீக்கிரம் அனுப்பினா மார்க் குறைக்க மாட்டாங்க. பேசாம கையைக் கட்டிட்டு உக்காரு."

உண்மைதான். அனுப்பியதில் வெற்றியாளர் தப்பில்லை. ஆனால் ‘எதிர்ப்பே இல்லாத வெற்றி’யாம்! அந்த வரியைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் இதைப் பாக்கவே இல்லடா, அதுக்குள்ள எழுதிட்டேன்" என்றாள். புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

‘முந்தைய செய்தியை ஒரு சுற்று முன்னதாக அனுப்பியது என் தவறு’ என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விழுந்தவளின் முதுகு ஏறி இறங்குவது வரை எழுதி அனுப்பியபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் ‘ரெண்டு நிமிஷ’த்தின் பதில் வந்தது. ‘பிரமாதம். பூஜ்யம்.’

இவள் தான் எழுதிய செய்தியை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினாள். கீழே, ‘தோத்துட்டேன்பா. இதனாலதான்’ என்று சேர்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது போன் அடித்தது. அவள் பயந்துகொண்டே எடுத்தாள்.

அப்பா எடுத்த எடுப்பில், "எந்திரிச்சாளா?" என்றார்.

"யாருப்பா?"

"அந்தப் பொண்ணுதான். குப்புற விழுந்தான்னு எழுதி முடிச்சிருக்கே. கடையில ஆளைக் காக்க வெச்சுட்டு ரெண்டு தரம் படிச்சுட்டேன். எந்திரிச்சாளா இல்லையா, சொல்லு!"

"எந்திரிச்சுட்டாப்பா. தானாவே எந்திரிச்சு நடந்து போனா."

அந்தப் பக்கம் பெரிதாக மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் பழைய அதட்டல். "அதைப் போய் எழுதாம விடுவாங்களா? அடுத்த வருஷம் தேர்வுல ஒழுங்கா கடைசி வரைக்கும் பாத்து எழுது."