எழுபத்திரண்டு இருக்கை

நெடுந்தீவு இறங்குதுறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கல்யாணம் முடிந்து திரும்புகிற சனம் இரண்டரை மணிப் படகுக்கு வந்து நின்றது. எழுபத்திரண்டு இருக்கையும் பதிவாகிவிட்டதாகக் கணினித் திரை சொன்னது. பதிவோடு வந்தவர்களை எண்ணினால் ஐம்பத்தொரு பேர்தான். வரவேண்டியவர் யாரும் மிச்சமில்லை. இடமில்லை என்று சொல்லப்பட்ட பத்தொன்பது பேர் ஓரமாக நின்று கவுண்டரில் இருந்த கம்சிகாவை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் அன்னபூரணம் வாய்விட்டே கேட்டாள். "தங்கச்சி, நாளைக்கு விடியக் கிளினிக். படகிலை பாதி வெறுசாக் கிடக்கு. ஏன் என்னை ஏத்தேலாது?"

கம்சிகா திரையையும் படகையும் மாறிமாறிப் பார்த்தாள். கேள்வி அவளைச் சுட்டது.

இந்தப் பதிவு முறையைப் பக்கத்துத் தீவுக் கரம்பொன்காரியான அவள் தனியாகக் கட்டியிருந்தாள். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வாடகை அறையில் சேர்வர், எல்லாக் கணக்கையும் வைத்திருக்கும் தாய்க்கணினி. அக்கரைக் குறிகட்டுவானில் ஒரு கவுண்டர், நெடுந்தீவில் ஒரு கவுண்டர், மற்றது ஊர்ச்சனத்தின் கைபேசிகள். எல்லாம் இணையச் சேவை வழியாக அந்தச் சேர்வரைக் கேட்டுத்தான் இடம் கொடுக்கும். காற்றுக்குச் சிக்னல் விழுந்தால் கவுண்டர் தன் பங்கு இருக்கைகளோடு தனியே ஓடும். சிக்னல் வந்ததும் செய்ததை ஒப்புவிக்கும். அவசரக்காரர் பொத்தானைப் பத்துத்தரம் அமத்தினாலும் ஓர் இடம்தான் போகும். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. இருக்காதா பின்னே?

ஆனால் சங்கம் கொடுத்த ஒரு மாதப் பரீட்சார்த்த ஓட்டம் இன்றோடு முடிகிறது. தோற்றால் பழையபடி கையால் எழுதும் கொப்பிதான். படகுச் சங்கத் தலைவர் பரமலிங்கம், கல்யாணப் பொம்பிளையின் பெரியப்பா, பட்டுவேட்டியோடு வந்து நின்றார். கக்கத்தில் பழைய பதிவுக் கொப்பி.

"பிள்ளை, உம்மடை கணினிக்கு ஆக்களை எண்ணத் தெரியேல்லைப் போல. கொப்பியைத் திறக்கட்டோ? திறந்தா இனி மூடமாட்டன், சொல்லிப்போட்டன்."

"பத்து நிமிசம் தாங்கோ ஐயா."

மீன்பெட்டி ஒன்றின்மேல் மடிக்கணினியை வைத்துப் பதிவுப் பட்டியலை இறக்கினாள். தகப்பன் பெயரோடு சேர்த்து அதே பெயர்கள் இரண்டு இரண்டாகக் கிடந்தன. மொத்தம் இருபத்தொரு பேர். ஒன்று காலையில் வரும்போதே குறிகட்டுவானில் விருந்தாளிகள் தாங்களே போட்டது, அடையாள அட்டை இலக்கத்தோடு. மற்றது நெடுந்தீவு வீடுகளிலிருந்து, வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தோடு. சேர்வர் பாவம், இலக்கத்தைப் பார்த்து இரண்டு ஆள் என்று நம்பிவிட்டது.

கம்சிகாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. விருந்துக்கு வந்தவரைத் திரும்பப் படகேற்றி விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. தீவில் பிறந்த எவருக்கும் இது தெரியும். காற்றையும் சிக்னலையும் யோசித்த அவள் இந்த உபசாரத்தை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தாள்.

ஒன்றை அழித்துவிட்டால் முடிந்தது. எதை அழிப்பது? வீட்டுக்காரரைக் கேளாமல் அவர் எடுத்த இடத்தில் கை வைத்தால் ஊரே சண்டைக்கு வரும். ஆகவே கேட்கத் தீர்மானித்தாள். விரல்கள் பறந்தன. ஒன்பதாவது நிமிடத்தில் சேர்வர் அப்படி இடம் எடுத்த பன்னிரண்டு வீட்டுக்கும் குறுஞ்செய்தி அனுப்பியது: உங்கள் விருந்தாளி தானும் ஓர் இடம் எடுத்திருக்கிறார். எதை விடலாம்? நீங்கள் எடுத்ததற்கு 1, அவர் எடுத்ததற்கு 2.

பரமலிங்கத்தின் மடியில் கைபேசி கிணுங்கியது. எடுத்து வாசித்தார். முகம் சிவந்தது. காரைநகர்ச் சம்பந்தி பக்கத்திலேயே நின்றார்.

"என்ன சம்பந்தி, நான் போட்டு வைச்சிருக்க நீங்களும் போட்டனீங்களோ? எங்கடை வீட்டுக்கு வந்த ஆள் தன்ரை இடத்திலை போறதோ?" என்று சொல்லி ஓங்கி 2ஐ அமத்தினார்.

பன்னிரண்டு வீடும் 2. ஒரு குஞ்சு கூட 1ஐத் தொடவில்லை. திரையில் இருக்கைகள் ஒவ்வொன்றாக விடுபட்டு இருபத்தொன்றில் நின்றன. அன்னபூரணம் முதல் ஆளாக ஏறினாள். பத்தொன்பது பேரும் ஏறிய பிறகும் இரண்டு இடம் மிச்சம். படகு சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்துக் குறிகட்டுவான் கவுண்டரிலிருந்து சுதாகரன் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, இறங்கினது எழுபது பேர். திரையிலையும் எழுபது."

கம்சிகா அதைப் பரமலிங்கத்துக்குச் சத்தமாகச் சொன்னாள்.  

அவர் துறை முகப்பில் கச்சான் கடலை விற்கும் செல்லாச்சியிடம் போய்க் கொப்பியை நீட்டினார். "இந்தா, கச்சான் சுத்தக் கடதாசி. முதல் சுருள் எங்கடை பிள்ளைக்கு."