கொத்தனார் கட்டாத மாடி

ஆலடிக்காட்டில் பஞ்சநதத்தின் வீட்டு மேல், புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கொத்தனாரும் சித்தாளும் இல்லாமல் ஒரு மாடி எழும்பியது. விடியும்போது இல்லை, காப்பி குடிக்கும்போது இருந்தது. மொட்டைமாடியிலிருந்து ஆளுயரத் தூண்கள், அவற்றின் மேல் ரோஜா நிறச் சுவர், கண்ணாடி சன்னல், ஏசிப் பெட்டி, ஏறிப்போக வழவழவென்று சலவைக்கல் படி. அன்று பட்டுக்கோட்டையில் தேங்காய் விலை இறங்கியிருந்தது. கொப்பரை அப்படியே நின்றது.

அதற்கு முந்தைய ஆவணியில்தான் பஞ்சநதம் மொய்விருந்து வைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் வங்கியைவிட மொய்ப்பந்தலுக்கு நம்பிக்கை அதிகம். கிடா வெட்டிக் கறிச்சோறு போடுகிறவனுக்கு ஊரும் உறவும் வந்து பணம் எழுதும். எழுதியவர்கள் வீட்டில் விருந்து வரும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். செய்யாதவனை யாரும் அடிக்க மாட்டார்கள், எதிரே வந்தாலும் பார்க்காததுபோல் போவார்கள், அது போதும். புயலில் சாய்ந்த தோப்பில் புதுக்கன்று வைப்பதற்கென்று வைத்த விருந்து அது. ஆனால் தென்னை காய்க்க வருடங்கள் ஆகும். செல்போனில் டாலர் ஒரே வாரத்தில் காய்த்தது.

வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்று லாபம் தருவதாகச் சொன்ன ஒரு செயலி. அதன் ஆலோசகர் லாரா என்று ஒருத்தி வாட்ஸப்பில் வந்தாள். நேரில் முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, காலை வணக்கம் மட்டும் பூப்படத்தோடு தவறாமல் வந்தது. விதைநெல் வாங்கப் போனால் நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்காமல் வாங்காத பஞ்சநதம், இவளிடம் எதையும் கடித்துப் பார்க்கவில்லை. சோதனைக்குப் போட்ட சிறுதொகை ஒன்றரை மடங்காக அவன் கணக்கில் வந்து விழுந்தது. வேறு ஊர்க்காரன் என்றால் ஆசைப்பட்டு ஏமாந்திருப்பான். பஞ்சநதம் மரியாதைக்காக ஏமாந்தான். “அந்தப் பொண்ணு நமக்கு முதல்ல செஞ்சிருக்கு அமிர்தம். கூட்டிச் செய்யலேன்னா நாமெல்லாம் என்ன மனுசங்க?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பந்தலில் விழுந்த பணத்தை முழுசாக அனுப்பிவைத்தான். திருடிக்கு மொய் செய்த மனிதனை அந்த ஜில்லா அதற்கு முன் கண்டதில்லை. அவள் நன்றி சொல்லி, கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பினாள்.

மாடி அதற்கடுத்த வாரம் வந்ததுதான். செல்போனில் லாபம் ஏற ஏற அதுவும் ஏறியது; ஐப்பசியில் ஓர் அறை, கார்த்திகையில் இன்னொரு தளம். ஊர் வந்து அண்ணாந்து பார்த்தது. தேங்காய் வியாபாரி துரைராசு, எடையில் ஊரையே ஏய்க்கிறவர், தானும் பணம் போட்டார். கஞ்சத்தனமாகப் போட்டதால் அவர் வீட்டுக்குப் பால்கனி மட்டும் முளைத்தது. தான் ஏய்ப்பதைப் போலவே தன்னையும் ஒருத்தி ஏய்ப்பாள் என்று அந்தக் கெட்டிக்காரருக்குத் தோன்றவே இல்லை. பஞ்சநதமோ சோறு மறந்து செல்போனே கதியாகக் கிடந்தான். ஒருநாள் துரைராசுவின் எடைமேடையில் விளையாட்டாக ஏறி நின்றான், முள் அசையவில்லை. மிஷினில் கோளாறு என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அமிர்தம் சிரிக்கவில்லை. ஈரப் புடவையைக் காயப்போடப் போனபோதே அவள் கவனித்துவிட்டாள், அத்தனை பெரிய மாடிக்கு நிழல் கிடையாது. வெயில் அதற்குள் புகுந்து நேரே புடவை மேல் விழுந்தது. காக்கை ஒரு சன்னலில் நுழைந்து சுவர் வழியாக வெளியே போனது. புருசனிடம் சொன்னாள். “நவீன கட்டடம்னா அப்படித்தான்” என்றான்.

மார்கழியில் பணத்தை எடுக்கப் போனான். முதலில் வரி கட்ட வேண்டும் என்றாள் லாரா. அமிர்தத்தின் பேரில் ஒரு வயல் இருந்தது. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் விட்டால் ஊரிலேயே முதலில் நனைவது அதுதான். அவள் அப்பா கொடுத்தது. வீட்டில் உலை கொதிப்பதும் அதை நம்பித்தான். அதை விற்கப் பத்திரத்தையே எழுதி எடுத்து வந்துவிட்டான் பஞ்சநதம்.

“ஒரே ஒரு கையெழுத்து. வரியக் கட்டிட்டா மொத்தமும் வந்துரும்.”

“நம்ம பணம் அவகிட்டதானே இருக்கு? அதுல புடிச்சிக்கிட்டு மிச்சத்தக் குடுக்கச் சொல்லுங்க.”

“அது வெளிநாட்டு வரி. உனக்குப் புரியாது.”

அமிர்தம் உள்ளே போனாள். ஒரு மூட்டை நெல்லை இழுத்து, மொட்டைமாடிக்கு ஏற்றி, சலவைக்கல் படியின் மூன்றாவது கல்லில் தூக்கி வைத்தாள். கல் அப்படியே இருந்தது. மூட்டை அதற்குள் இறங்கித் தொப்பென்று தரையில் விழுந்தது.

“ஒரு மூட்டை நெல்லத் தாங்காத மாடிக்கு என் வயலக் கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?”

“என்னைத் தாங்கும்” என்றான் பஞ்சநதம். ரோஷத்தோடு படியில் கால் வைத்தான். தாங்கியது. விறுவிறுவென்று ஏறிப் போய், கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் செயலி திறக்கவில்லை, லாராவின் படம் இருந்த இடம் வெறும் சாம்பல் வட்டமாக இருந்தது. அவனுக்கு இறங்கத் தெரியவில்லை, அல்லது இறங்கி ஊரைப் பார்க்க முகமில்லை, இரண்டும் ஒன்றுதான்.

போலீஸ் வந்து மாடியைப் படம் எடுத்துக்கொண்டு போனது. பஞ்சாயத்து மூன்று தளத்துக்கும் வீட்டுவரி கேட்டது. அமிர்தம் தரைத்தளத்துக்கு மட்டும் கட்டி ரசீது வாங்கினாள். துரைராசு தன் வீட்டின் இல்லாத பால்கனியில் நின்று ஊருக்குப் புத்தி சொன்னார். வருடா வருடம் ஆடியிலும் ஆவணியிலும் அழைப்பிதழ்கள் வந்தன. அந்த வயலின் விளைச்சலை விற்று, ஒவ்வொரு பந்தலாகப் போய், புருசன் வாங்கியதைக் கூட்டியே செய்துவிட்டு வந்தாள். அவர் எங்கே என்று கேட்டவர்களிடம் “மேல இருக்கார்” என்றாள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மாடி இன்னும் இருக்கிறது. தை அறுவடை முடிந்ததும் அமிர்தம் அதன் அடியில் விதைநெல்லைப் பரப்புகிறாள். நிழல் இல்லாததால் நன்றாகக் காய்கிறது. மேலே சன்னலோரம் உட்கார்ந்து பஞ்சநதம் டாலர் விலை சொல்கிறான். காக்கைகள் அவன் நெஞ்சு வழியாகவே பறந்து வந்து நெல்லில் இறங்குகின்றன. காவலுக்காவது ஆவான் என்று முதல் வருடம் அவள் நினைத்திருந்தாள். இப்போது ஒரு குச்சியில் கறுப்புத் துணியைக் கட்டி வைத்துவிட்டு வயலுக்குப் போகிறாள்.